பாஞ்சாலங்குறிச்சியை ராஜா இல்லாமல் படமெடுப்பது எப்படி

நம்ம திருநெல்வேலிச் சீமையில் கையில் கேமரா வைத்திருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு என்றாவது ஒருநாள் பாஞ்சாலங்குறிச்சியைப் படமாக எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. குதிரைக்கு எங்கே போக, பீரங்கிக்கு எங்கே போக, அரண்மனை செட்டுக்கு யார் பணம் தருவார்கள் என்று யோசித்து அதோடு விட்டுவிடுகிறார்கள். இது எதுவும் இல்லாமலே அந்தப் படத்தை எடுக்கலாம். சொல்லப்போனால் இல்லாமல் எடுத்தால்தான் நன்றாக வரும். அதற்கு 1799-ஐ விட்டுவிட்டு 1801-க்கு வரவேண்டும்.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் படையோடு வந்தது, அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது, கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கியது, இவ்வளவும் ஊருக்கே தெரியும். நமக்கு வேண்டியது அதற்கு அப்புறம் நடந்தது. 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் கூட அடைபட்டிருந்தவர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இரவோடு இரவாகப் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்விடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து மேஜர் மெக்காலே படையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால், இடித்துப்போட்ட இடத்தில் மறுபடியும் கோட்டைச் சுவர் நிற்கிறது. மார்ச் 31-ல் கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, மோதிப் பார்த்துத் தோற்றது. அப்புறம் கூடுதல் படைக்காகக் காத்துக் கிடந்து, கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்த பிறகு மே 24-ல்தான் கோட்டைக்குள் நுழைய முடிந்தது. அந்த ஒரு வாரத்தில் சுவரை எழுப்பியவர்கள் யார், மண் வெட்டியது யார், தண்ணீர் சுமந்தது யார், இத்தனை பேருக்கும் கூழ் காய்ச்சியது யார்? இவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. படம் இவர்களைப் பற்றியது.

எழுத உட்காருவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் படித்துவிடுங்கள். ஒன்று, அந்தப் போரில் கும்பினிப் படையிலேயே இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் வெளியிட்ட ராணுவ நினைவுக் குறிப்புகள். இரண்டு, இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1881-ல் எழுதிய திருநெல்வேலி வரலாறு. இரண்டுமே இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். மூன்றாவது நம்ம ஜனங்களின் கதைப்பாடல்கள். நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலைத் தேடிப் பிடியுங்கள், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் மையம் இருக்கிறது, அங்கே போய்க் கேட்டால் இன்னும் வழி தெரியும். வெல்ஷ் எதிரிப் படைக்காரர், ஆனாலும் ஊமைத்துரையைப் பற்றி எழுதும்போது அவர் பேனா தன்னையறியாமல் மரியாதை கொடுக்கிறது. பாட்டோ நம்முடையது, ஆனால் அது முழுக்க பாளையக்காரத் துரைமார் புகழ். இரண்டுக்கும் நடுவே மண் சுமந்த ஜனம் அங்கங்கே ஒரு வரி, அரை வரியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அந்த அரை வரிகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள், அதுதான் உங்கள் கதை.

திரைக்கதை என்று தனியாக உட்கார்ந்து காட்சி 1, காட்சி 2 என்று எழுதாமல், முதலில் வேலைகளை எழுதுங்கள். மண் வெட்டுவது, மிதிப்பது, கடவம் என்கிற பெரிய கூடையில் அள்ளித் தலைமாற்றுவது, முள் வெட்டி இழுத்து வருவது, கிணற்றில் இறைப்பது, கம்பு குத்துவது, வல்லயம் என்கிற ஈட்டிக்குக் காம்பு செதுக்குவது, காயம்பட்டவனுக்குப் பச்சிலை அரைப்பது, இரவு காவல். ஒவ்வொரு வேலையையும் யார் செய்வார், எங்கே நின்று செய்வார், எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதி முடித்தால் படத்தின் முக்கால் பங்கு தயார். வசனம் தானாகக் குறைந்துவிடும். முற்றுகைக்குள் இருக்கிறவர்கள் நாளெல்லாம் வீர வசனம் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, ஆட்டை எங்கே கட்டினாய், சின்னவன் தூங்கினானா என்றுதான் பேசுவார்கள்.

இப்போது சுவர். படத்தில் நீங்கள் செலவழிக்கிற காசில் பெரும்பகுதியை இதற்கு ஒதுக்குங்கள். வெல்ஷ் சொல்கிற கோட்டை முழுக்க முழுக்க மண். சுமார் 500 அடிக்கு 300 அடி நீள்சதுரம், அதிலும் கோணல்மாணலான சதுரம், சுற்றிலும் முள்வேலி. கல்கோட்டை, கொத்தளத்தில் கொடி, வளைவு வாசல் என்று மனதில் இருப்பதை எல்லாம் அழித்துவிடுங்கள். இன்றைக்குப் பாஞ்சாலங்குறிச்சியில் நிற்கிற கோட்டை 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை, அதற்கு முன்னால் நிறுத்தி எடுத்தால் பள்ளிக்கூடச் சுற்றுலா மாதிரி இருக்கும். பழைய கோட்டையின் அடித்தளம் இருக்கிற இடம் தொல்லியல் பாதுகாப்பில் உள்ளது, அங்கே மண்வெட்டியைக் கொண்டுபோகக் கூடாது. போய்ப் பாருங்கள், நடந்து அளவு எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகளும் இருக்கின்றன, அதையும் பாருங்கள், அப்புறம் ஓட்டப்பிடாரம் பக்கமோ விளாத்திகுளம் பக்கமோ அறுவடை முடிந்து கிடக்கிற ஒரு கரிசல் காட்டை உரிமையாளரிடம் பேசி எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு இருபது, முப்பது அடி நீளத்துக்கு நிஜமாகவே மண்சுவர் எழுப்புங்கள். தெர்மாகோல், பிளைவுட் எதுவும் வேண்டாம். மண்சுவர் வைக்கத் தெரிந்த பெரியவர்கள் ஊருக்கு ஒன்றிரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைத் தலைமையாக வைத்துக்கொள்ளுங்கள். மண்ணைக் குவித்து நடுவில் குழி பறித்துத் தண்ணீர் விட்டு இரவெல்லாம் ஊற விடுவார்கள், காலையில் வைக்கோல் துண்டு தூவி மிதிப்பார்கள், கால் இழுத்தால் 'சளக்' என்று சத்தம் வருகிற பதம் வந்ததும் உருண்டை பிடித்து ஆள்மாற்றி ஆள் வீசுவார்கள். ஒரு படை, அதாவது ஒரு அடுக்கு, வைத்து அது இறுகிய பிறகுதான் அடுத்த படை ஏற்ற முடியும், அவசரப்பட்டால் வயிறு தள்ளிச் சரிந்துவிடும். உங்கள் படத்தின் பதற்றமே இதில்தான் இருக்கிறது. எதிரி வந்துகொண்டிருக்கிறான், மண் காய மாட்டேன் என்கிறது. எந்தக் குதிரைத் துரத்தலும் இந்தத் தவிப்பைத் தராது. ஆகவே சுவர் எழுப்புகிற நாள் முழுவதும் கேமரா ஓடட்டும். சுவர் தயாரான பிறகு படப்பிடிப்பு ஆரம்பிக்கலாம் என்று தள்ளிப்போட்டால் படத்தின் உயிரான பகுதி கைவிட்டுப் போய்விடும்.

முப்பது அடிச் சுவர் எப்படி ஒரு கோட்டையாகும் என்று கேட்கலாம். கேமராவை மனிதர்களின் தோளுக்கு மேல் தூக்காதீர்கள், முழுக்கோட்டையும் தெரிகிற காட்சி ஒன்றுகூட வேண்டாம். சுவருக்கு உள்ளே நின்றவர்கள் யாரும் கோட்டையை மேலிருந்து பார்த்ததில்லை. ஒருவனுக்குத் தெரிந்தது அவன் பங்குச் சுவரும் பக்கத்து ஆளின் முதுகும்தான். ட்ரோன் கையில் இருந்தாலும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

தாழ்வாக எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கயத்தாறு, கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் எங்கே திரும்பினாலும் காற்றாலை, செல்போன் டவர், மின்கம்பம். அவற்றை எல்லாம் கம்ப்யூட்டரில் அழிக்கலாம் என்று கிளம்பினால் காசு கரைந்துவிடும். தரையை, கையை, காலை, சுவரைப் பாருங்கள், வானம் தேவைப்பட்டால் நேரே அண்ணாந்து பாருங்கள். மரங்களிலும் கவனம் வேண்டும். சீமைக்கருவேலம் இந்த மண்ணுக்கு வந்தது மிகவும் பிந்தி. 1801-ல் அது கிடையாது, அது நம் பக்கத்தில் இல்லாத இடம் பார்ப்பதுதான் கஷ்டம். முள்வேலிக்கு உடைமுள்ளும் இலந்தை முள்ளும் பயன்படுத்துங்கள். குடைபிடித்த மாதிரி நிற்கிற உடைமரம் திருநெல்வேலிச் சீமைக்கே உரிய அடையாளம், பிரேமில் ஒரு உடைமரமும் நாலு பனையும் இருந்தால் எந்த ஊர் என்று யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

மாதம் எது என்பதை விளையாட்டாக நினைக்காதீர்கள். முற்றுகை நடந்தது தை கடைசியில் தொடங்கி வைகாசி வரைக்கும். அதே மாதங்களில் எடுங்கள். மாசியில் காடு வெறிச்சோடிக் கிடக்கும், கரிசல் வெடிப்பு விட ஆரம்பித்திருக்கும், பனையில் பதநீர் இறக்கத் தொடங்கியிருப்பார்கள். கோட்டைக்குள் அடைபட்ட ஜனத்துக்குப் பக்கத்துப் பனைக்காட்டிலிருந்து இரவில் பதநீர்க் கலயம் உள்ளே வருகிறது என்று ஒரு காட்சி வைத்தால் அது கற்பனைதான், ஆனால் அந்த மாதத்துக்கும் அந்த மண்ணுக்கும் பொருந்துகிற கற்பனை. ஆனி, ஆடிக்குத் தள்ளிப்போட்டால் காற்று உங்களைப் பேச விடாது, மைக்கில் 'ஹோ'வென்ற இரைச்சல் தவிர வேறொன்றும் பதியாது. வெளிச்சத்துக்குக் காலை எட்டரை வரை, சாயங்காலம் நாலரைக்கு மேல். நடுவில் வேகாத வெயிலில் மனிதர்களைப் போட்டு வாட்டாதீர்கள். அந்த நேரத்தில் சுவருக்கு உள்ளே, ஓலைப்பந்தலுக்குக் கீழே நடக்கிற காட்சிகளை எடுத்துக்கொள்ளலாம்.

நடிக்க ஆள் தேடி எங்கும் போக வேண்டாம். பனை ஏறுகிறவர் பனை ஏறட்டும், கொத்தனார் சுவர் வைக்கட்டும், ஆடு மேய்க்கிறவர் ஆட்டைப் பற்றிப் பேசட்டும். அவர்களிடம் 'கோபமாகப் பாருங்கள்' என்று சொன்னால் சினிமாவில் பார்த்த கோபத்தைத்தான் திருப்பித் தருவார்கள். 'அண்ணாச்சி, இந்தக் கடவம் நிறைஞ்சதும் அந்தா நிக்கிற ஆளுகிட்ட மாத்திவிடுங்க, கேமராவைப் பார்க்காதீங்க' என்று ஒரு வேலையைச் சொல்லுங்கள், முகம் தானாக வரும். காது வளர்த்து பாம்படம் போட்ட ஆச்சிகள் சில கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒரு ஆச்சி உலையடுப்பு முன்னால் உட்கார்ந்து கம்பங்கூழ் கிண்டுகிற முகத்தை ஒரு நிமிடம் வெட்டாமல் வையுங்கள். எல்லாருக்கும் அன்றன்றைக்குக் கூலி கொடுத்துவிட வேண்டும், 'நம்ம ஊர்ப் படம்தானே' என்று சொல்லி இழுத்தடிப்பது பாவம்.

பேச்சு விஷயத்தில் இரண்டு செய்தி. ராஜா மந்திரி நாடகத் தமிழ் வேண்டாம், இன்றைய திருநெல்வேலிப் பேச்சையே கொஞ்சம் நிதானமாகப் பேச விடுங்கள், 'வந்தாவ, போனாவ', 'ஏல', 'எய்யா', எல்லாம் இருக்கட்டும். இன்னொன்று, கட்டபொம்மன் குடும்பம் கம்பளத்து நாயக்கர் குடும்பம், வீட்டில் பேசியது தெலுங்கு. சுவர் மேல் தமிழும் குடிசைக்குள் தெலுங்கும் கேட்டால்தான் அந்தக் கோட்டை நிஜமாக இருக்கும். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளித்தால் சுளிக்கட்டும். கும்பினிப் படையிலும் எத்தனையோ பேர் நம்ம ஊர்ச் சிப்பாய்கள், எட்டயபுரத்து ஆட்களும் அந்தப் பக்கம் நின்றார்கள். சுவருக்கு வெளியிலிருந்து இதே தமிழில் ஒருவன் உள்ளே இருக்கிற சொந்தக்காரனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று வையுங்கள், அதைவிடப் பெரிய போர்க்காட்சி வேண்டுமா?

சாதி பற்றிப் பேசாமல் இந்தப் படத்தை நம்ம பக்கத்தில் எடுக்க முடியாது. முதல் நாளே 'இது யாரு படம்?' என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நோட்டீஸ், பேனர், தலைப்பாகை நிறம், எதிலும் இன்றைக்கு இருக்கிற கட்சி, சங்க நிறம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டையை ஒரு சாதி காக்கவில்லை. மண் மிதித்தவர், முள் வெட்டியவர், வல்லயம் அடித்த கொல்லர், காவல் நின்றவர் என்று ஒவ்வொருவரையும் வேலையால் காட்டுங்கள். ஊர்க்கூட்டத்தில் திரைக்கதையை வாய்விட்டு வாசித்துக் காட்டிவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். யாரையும் கீழே இறக்கிக் காட்டுகிற ஒரு வரி இருந்தாலும் எடுத்துவிடுங்கள், அது இல்லாமல் படம் ஒன்றும் குறைந்துவிடாது.

துணிமணிக்கும் சாமான்களுக்கும் ஒரே விதி: தெரியாததை வைக்காதீர்கள். தீப்பெட்டி கிடையாது, சிக்கிமுக்கிக் கல். மண்ணெண்ணெய் கிடையாது, இலுப்பை எண்ணெய் அகல், ஆமணக்கெண்ணெய் பந்தம். எவர்சில்வர், பிளாஸ்டிக் குடம், தைத்த சட்டை, டீ எதுவும் கிடையாது. வெளுத்த மல் வேட்டியைக் கரிசல் சேற்றில் ஊறப்போட்டுக் கசக்கிக் காயவைத்தால் நிறம் சரியாக வரும்.

பீரங்கியைக் காட்டவே வேண்டாம், கேட்க வைத்தால் போதும். அந்த மண்சுவரின் பலமே குண்டு பட்டால் நொறுங்காமல் உள்ளே வாங்கிக்கொள்வதுதான். அதனால் சத்தம் வெடியாக இருக்காது. தூரத்தில் ஒரு முழக்கம், நெஞ்சுக்குள் எண்ணுகிற நேரம் ஒரு இடைவெளி, அப்புறம் 'தொம்' என்று சுவருக்குள் புதைகிற அடி, அதற்கும் பிறகு சரிகிற மண். பெரிய கல்லை ஈரமண்ணில் உயரத்திலிருந்து போட்டுப் பதிவு செய்யுங்கள், பலவிதமாகப் பதிவு செய்யுங்கள். அடி விழும்போது கேமரா ஒரு பானைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நிஜ வெடிமருந்து, பட்டாசு மருந்து எதையும் தொடாதீர்கள். புகைக்கு ஈர வைக்கோலும் காய்ந்த ஓலையும் போதும், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியும் ஆளும் இருக்க வேண்டும். பின்னணி இசை என்று ஊரில்லாத ஆர்கெஸ்ட்ரா வேண்டாம். கம்பளத்தார் தேவராட்டத்துக்கு அடிக்கிற தேவதுந்துமி ஒன்று போதும், அதையும் படத்தில் இரண்டு மூன்று இடத்துக்கு மேல் பயன்படுத்தாதீர்கள்.

ஆரம்பக் காட்சிக்கு ஒரு யோசனை. பிப்ரவரி 2 அன்று சிறை உடைந்தபோது பாளையங்கோட்டை வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்தில் இருந்தார்கள் என்று வெல்ஷ் எழுதுகிறார். அந்த மேசையைக் காட்டாதீர்கள். பின்கட்டுச் சமையலறையில் நம்ம ஊர்ச் சமையல்காரர், பாத்திரம் விளக்குகிற பெண், விசிறி இழுக்கிற பையன். உள்ளே கத்தி முள்கரண்டிச் சத்தம், சிரிப்பு. வெளியே எங்கோ ஒரு கூச்சல். முதலில் காதில் வாங்குவது அந்தப் பையன், அவன் யாரிடமும் சொல்லவில்லை. செலவு என்று பார்த்தால் ஒரு ஓட்டு வீடும் நாலு விளக்கும்.

இனி, இந்தப் படத்தின் நடுநெஞ்சு என்று நான் நினைக்கிற காட்சி. இதுவும் வெல்ஷ் எழுதி வைத்ததுதான். கோட்டை விழுந்த அன்று இரவு, பிணங்களுக்கு நடுவே ஒரு தாய் தன் மகனைத் தேடி வருகிறாள். கண்டுபிடிக்கிறாள், உயிர் இருக்கிறது. அவன் தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் காயத்தோடு கிடக்கிற சாமியைக் காப்பாற்றச் சொல்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. அவளும் உடன் வந்த பெண்களும் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வீட்டில் கிடத்துகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்ததும் அவர் மேல் துணியைப் போர்த்திவிட்டு ஒப்பாரி வைக்கிறார்கள், பெரியம்மையில் போய்விட்டான் என்கிறார்கள், வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடுகிறார்கள்.

இதைச் சாகசமாக எடுத்தால் கெட்டது. யோசித்துப் பாருங்கள், அந்தத் தாய் தன் பிள்ளையைக் களத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள், அவனுக்காக அழ அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. இப்போது வேறொருவருக்காகப் பொய்யாக அழச் சொல்லி வாசலில் எதிரி நிற்கிறான். வாய் திறந்ததும் வருவது தன் மகனுக்கான ஒப்பாரி. பக்கத்தில் நிற்கிற பெண்களுக்கு அது தெரியும், தேடி வந்தவர்களுக்குத் தெரியாது. இதை நடிகையிடம் கொடுக்காமல், துட்டிவீட்டில், அதாவது சாவு வீட்டில், நிஜமாகவே ஒப்பாரி பாடுகிற ஒரு அம்மாவிடம் கொடுங்கள். வரிகளை நீங்கள் எழுதித் தராதீர்கள், கதையை மட்டும் நிதானமாகச் சொல்லுங்கள், மகனை எங்கே விட்டுவிட்டு வந்தாள் என்பதையும் சொல்லுங்கள், அவர்களே கட்டிக்கொள்வார்கள். களத்தில் மகன் பேசுவதற்கு 'என்னைய விடும்மா, சாமியத் தூக்கு' என்ற ஒரு வரி போதும். ஒப்பாரியை ஒரே டேக்கில் எடுங்கள், கேமரா துணியின் ஓரத்தைப் பார்க்கட்டும், மூச்சுக்குத் துணி லேசாக அசைகிறதா என்று பார்க்கிறவர்கள் பயப்படட்டும். ஊமைத்துரையின் முகத்தை இங்கேயும் காட்டாதீர்கள், படம் முழுவதும் காட்டாமலே இருந்தாலும் நல்லதுதான். பாடி முடித்த அந்த அம்மாவை உடனே எழுப்பி அடுத்த ஷாட்டுக்கு அழைக்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், அன்றைய வேலையை அதோடு முடித்துவிடுங்கள்.

முடிவில் தூக்குமேடை தேவையில்லை. ஊமைத்துரை பிறகு மருதிருவரோடு சேர்ந்தது, அதே 1801 நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டது எல்லாம் இரண்டு வரி எழுத்தாகப் போட்டால் போதும். கோட்டையை இடித்து உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று ஊரில் சொல்லுவார்கள். அதை வைத்துக்கொள்ளுங்கள், உழுகிற மாடு ஓட்டுகிறவனும் இந்த ஊர்க்காரன்தான். மாடு, ஆடு, எதைக் காட்டினாலும் விலங்குகள் நல வாரிய அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், எடுத்து முடித்த பிறகு ஓடினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வீர்கள். எழுப்பிய சுவரையும் புரட்டாசி விதைப்புக்கு முன்னால் கரைத்துக் காட்டுக்கே பரப்பிக் கொடுத்துவிட வேண்டும், காட்டுக்காரரிடம் முதலிலேயே அப்படிப் பேசிக்கொள்ளுங்கள்.

பொது இடத்தில் திரையிடத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது, விழாக்களுக்கு அனுப்புவதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள். முதல் திரையிடல் சுவர் நின்ற ஊரில் நடக்கட்டும். கோவில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு வைக்கிற இடத்தில் மறுநாள் இரவு வெள்ளைத் திரை கட்டலாம், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் கரண்டும் கொடுப்பார்கள். ப்ரொஜெக்டர் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, ஸ்பீக்கரில் மட்டும் கை வைக்காதீர்கள். இந்தப் படத்தில் பீரங்கி காதுக்குள்தான் இருக்கிறது, கோவில் குழாய் ஸ்பீக்கரில் போட்டால் அந்த 'தொம்' வராது, நல்ல பேஸ் ஸ்பீக்கர் இரண்டு வாடகைக்கு எடுத்துத் தரையில் வைத்துச் சாயங்காலமே ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.